மரச்சில்லுப் பெட்டி

மரச்சில்லுப் பெட்டி என்பது மரம் வெட்டும் பணியில் ஈடுபடும் லாரியின் பின்புறத்தில் பொருத்தப்படும் ஒரு சரக்குப் பெட்டி ஆகும். வெட்டப்பட்ட கிளைகளைச் சிப்பர் எனப்படும் பொறி சிறு சில்லுகளாக நறுக்கி, ஒரு குழாய் வழியாக இப்பெட்டிக்குள் வீசுகின்றது. பெட்டி நிறைந்ததும், டிப்பர் லாரியில் செய்வது போலவே, பெட்டியின் முன்பகுதியை உயர்த்திச் சில்லுகள் பின்புறமாகக் கொட்டப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் தெருவோர மரங்களையும் மின்கம்பிகளுக்கு அருகில் வளரும் மரங்களையும் பராமரிக்கும் குழுக்கள் இவ்வகை லாரிகளைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன.

இப்பெட்டிகளைத் தொழிற்சாலைகளில் கட்டி விற்கும் நிறுவனங்கள் உள்ளன. எனினும் சிறிய மரவேலைக் குழுக்கள் பழைய லாரி ஒன்றை வாங்கி, தமது பட்டறையிலேயே பெட்டியைக் கட்டிக்கொள்வதும் உண்டு. பார்வைக்கு எளிய பெட்டியாகத் தோன்றினாலும், எடை, காற்றோட்டம், தூக்கும் விசை, மின்கம்பி ஆபத்து ஆகிய நான்கையும் கருத்திற்கொள்ளாமல் கட்டப்படும் பெட்டி உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

பின்னணி

கிளைகளை வெட்டியபடியே லாரியில் ஏற்றினால் அவற்றுக்கிடையே வெற்றிடம் மிகுதியாக இருக்கும். எனவே எடை குறைவாக இருக்கும்போதே லாரி நிறைந்துவிடும். கிளைகளைச் சில்லாக்குவதால் அவை அடைத்துக்கொள்ளும் இடம் பல மடங்கு குறைகின்றது. மரத்தைச் சில்லாக்கும் பொறியை 1884 இல் செருமனியின் மாசுபுல் என்னும் ஊரைச் சேர்ந்த பீட்டர் யென்சன் உருவாக்கினார் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் 1930 இல் ஒகையோ மாநிலத்தில் டச்சு எல்ம் நோய் கண்டறியப்பட்டது. பின்வந்த பத்தாண்டுகளில் நகரத் தெருக்களில் நின்ற எல்ம் மரங்கள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. வெட்டிய கிளைகளைத் திறந்தவெளியில் எரிப்பதே முன்னர் வழக்கமாக இருந்தது. 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து பல மாநிலங்களில் இவ்வழக்கம் கட்டுப்படுத்தப்பட்டது. இதனால் கிளைகளைச் சில்லாக்கி எடுத்துச் செல்வது இன்றியமையாததாயிற்று. அயோவா மாநிலத்தில் 1948 இல் தொடங்கப்பட்ட வெர்மீர், மிச்சிகன் மாநிலத்தில் 1957 இல் தொடங்கப்பட்ட மோர்பார்க், அதே மாநிலத்தில் 1983 இல் தொடங்கப்பட்ட பேண்டிட் ஆகியவை சிப்பர் தயாரிக்கும் நிறுவனங்களுள் குறிப்பிடத்தக்கவை.

அமைப்பு

பொதுவான ஒரு மரச்சில்லுப் பெட்டியில் பின்வரும் பகுதிகள் காணப்படும்.

* தரைத்தளம்: பெட்டியின் அடித்தகடு. இதன் கீழே நீளவாக்கில் இரண்டு உத்திரங்களும், அவற்றின் மேல் குறுக்குவாக்கில் பல சட்டங்களும் அமையும்.
* பக்கச் சுவர்கள்: தகட்டால் ஆனவை. இடைவெளி விட்டு நிறுத்தப்படும் செங்குத்துச் சட்டங்கள் இவை புடைக்காமல் தாங்குகின்றன.
* முன்சுவர்: ஓட்டுநர் அறைக்குப் பின்னால் அமையும் சுவர். திடீரெனத் தடை பிடிக்கும்போது பெட்டியிலுள்ள சுமை ஓட்டுநரை நோக்கி நகராமல் தடுப்பதால் இது ஏனைய சுவர்களைவிட உறுதியாக இருத்தல் வேண்டும்.
* கூரை: சில்லுகள் சாலையில் பறப்பதைத் தடுக்கின்றது.
* பின்கதவு: பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவாகவோ, மேற்கீலில் தொங்கும் ஒற்றைக் கதவாகவோ அமையும். சிப்பரின் குழாய் சில்லுகளை உள்ளே வீசுவதற்காகப் பின்கதவின் மேற்பகுதி திறந்திருக்கும்.
* கருவிப் பெட்டி: கயிறு, சங்கிலி வாள், எரிபொருள் முதலியவற்றை வைப்பதற்கான தனி அறை. இது வழக்கமாக ஓட்டுநர் அறைக்கும் சில்லுப் பெட்டிக்கும் இடையில் அமையும். நீண்ட ஏணிகளையும் கழிகளையும் வைக்கப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு நீள அறை இருப்பதும் உண்டு.
* தூக்கும் அமைப்பு: ஹைட்ராலிக் உருளை, எண்ணெய்ப் பம்பு, பின்புறக் கீல் ஆகியவை அடங்கியது.

கொள்ளளவும் எடையும்

பெட்டியின் அளவை முடிவு செய்யும்போது கொள்ளளவை மட்டும் கருத்திற்கொள்வதே வழக்கமாக நேரும் பிழையாகும். லாரியின் உற்பத்தியாளர் குறித்துள்ள அதிகபட்ச மொத்த எடையில் வண்டி, பெட்டி, சில்லு, ஆட்கள், கருவிகள், எரிபொருள் அனைத்தும் அடங்கும். இழுத்துச் செல்லப்படும் சிப்பர் தனது எடையில் ஒரு பகுதியை, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை, லாரியின் பின்புற இழுவைக் கொக்கியின் மீது சுமத்துகின்றது. அதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

புதிதாக வெட்டிய ஈரமான மரச்சில்லுகளின் எடை, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோகிராம் வரை இருக்கும். மர வகை, ஈரப்பதம், சில்லின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

எடுத்துக்காட்டாக, அதிகபட்ச மொத்த எடை 11,793 கிலோகிராம் (26,000 இறாத்தல்) உள்ள ஒரு லாரியை எடுத்துக்கொள்ளலாம். வெறும் பெட்டியுடன் அதன் எடை 6,300 கிலோகிராம் எனவும், சில்லின் எடை கன மீட்டருக்கு 350 கிலோகிராம் எனவும் கொள்வோம்.

* பெட்டி 4.2 மீ நீளம், 2.2 மீ அகலம், 1.8 மீ உயரம் எனில் கொள்ளளவு 16.6 கன மீட்டர். சில்லின் எடை ஏறத்தாழ 5,820 கிலோகிராம். மொத்தம் 12,120 கிலோகிராம். ஆட்கள் ஏறுவதற்கு முன்னரே லாரி அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டிவிடுகின்றது.
* உயரத்தை 1.5 மீட்டராகக் குறைத்தால் கொள்ளளவு 13.9 கன மீட்டர். சில்லின் எடை ஏறத்தாழ 4,850 கிலோகிராம். மொத்தம் 11,150 கிலோகிராம். ஆட்கள், கருவிகள், சிப்பரின் கொக்கிச் சுமை ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 640 கிலோகிராம் எஞ்சுகின்றது.

உயரத்தில் 30 சென்டிமீட்டர் வேறுபாடே சட்டத்துக்கு உட்பட்ட லாரியையும் மிகைச்சுமை லாரியையும் பிரிக்கின்றது. மிகைச்சுமை ஏற்றிய லாரி நிற்பதற்குக் கூடுதல் தொலைவு தேவைப்படும். டயர்களும் தடைகளும் விரைவில் சூடாகும். மேலும், சில்லுக்குப் பதிலாகப் பெரிய அடிமரத் துண்டுகளை அதே பெட்டியில் அடுக்கினால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். பச்சை ஓக் மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடை உடையது. எனவே சில்லுக்காகக் கணக்கிட்டுக் கட்டிய பெட்டியைக் கட்டைகளால் நிரப்புவது கூடாது.

கட்டுமானப் பொருட்கள்

பெரும்பாலான பெட்டிகள் மென்னெஃகுத் தகட்டால் கட்டப்படுகின்றன. தரைத்தளத்துக்கு ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர், பக்கச் சுவர்களுக்கு 2.7 மில்லிமீட்டர், கூரைக்கு 1.9 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடுகள் பயன்படுகின்றன.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகும். இதனால் பெட்டியின் எடை குறைந்து, கூடுதலாகச் சில்லு ஏற்ற முடிகின்றது. ஆனால் விலை அதிகம். பற்றவைக்கத் தனித்திறன் தேவை. கட்டைகள் மோதினால் எளிதில் நசுங்கும்.

பட்டறையில் தாமே கட்டுவோர் எஃகுச் சட்டத்தின் மீது 19 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளைவுட் பலகைகளைப் பொருத்துவதும் உண்டு. இது மலிவானது, சேதமடைந்த பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எனினும் ஈரச் சில்லு தொடர்ந்து படுவதால் பலகையின் ஓரங்கள் உளுத்துப் போகும். ஓரங்களுக்கு வண்ணம் பூசி அடைப்பது இதன் ஆயுளை நீட்டிக்கும்.

சில்லுகள் சுவர் மீது செலுத்தும் பக்கவாட்டு அழுத்தம் அதிகமன்று. 1.5 மீட்டர் உயரச் சில்லுக்கு, பக்க அழுத்தக் கெழுவை 0.4 எனக் கொண்டால், சுவரின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல் அழுத்தமே உண்டாகும். பெட்டி உடைவதற்குப் பெரும்பாலும் காரணமாவது இவ்வழுத்தம் அன்று. கட்டைகளின் மோதல், சாலையின் அதிர்வு, துரு ஆகிய மூன்றுமே காரணங்கள் ஆகும்.

கட்டும் முறை

அளவெடுத்தல்

முதலில் ஓட்டுநர் அறையின் பின்புறத்திலிருந்து பின்னச்சின் மையம் வரையுள்ள தொலைவு அளக்கப்படுகின்றது. பெட்டியின் நீளத்தை இதுவே தீர்மானிக்கின்றது. பெட்டி பின்னோக்கி மிகுதியாக நீண்டால் சுமையின் ஈர்ப்பு மையம் பின்னச்சுக்குப் பின்னால் செல்லும். அப்போது முன்சக்கரங்களின் மீதுள்ள எடை குறைந்து, வண்டியைத் திருப்புவது கடினமாகும். அமெரிக்க லாரிகளின் அடிச்சட்டத்தில் இரு நீள உத்திரங்களின் வெளிப்புற அகலம் வழக்கமாக 34 அங்குலம் (864 மில்லிமீட்டர்) ஆகும். பெட்டியின் கீழ் உத்திரங்கள் இவ்வகலத்துக்குப் பொருந்துமாறு அமைக்கப்படுகின்றன.

துணைச்சட்டம்

பெட்டியை நேரடியாக லாரியின் அடிச்சட்டத்தில் பற்றவைப்பது தவறாகும். பல லாரிகளின் அடிச்சட்டங்கள் வெப்பப் பதனிடப்பட்ட எஃகால் ஆனவை. பற்றவைக்கும் வெப்பத்தால் அவ்விடத்தில் எஃகின் வலிமை குறைந்து பின்னர் விரிசல் காணும். அடிச்சட்ட உத்திரத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் கூடாது. வளைவினால் உண்டாகும் தகைவு அவ்விளிம்புகளிலேயே மிக அதிகமாக இருக்கும். எனவே சானல் இரும்பால் ஒரு துணைச்சட்டம் செய்து, அதை யூ வடிவ போல்ட்டுகளாலும், உத்திரத்தின் நடுப்பகுதியில் துளையிட்டுப் பொருத்தும் பட்டைகளாலும் இணைக்கின்றனர். உலோகமும் உலோகமும் உராயாதிருக்க இடையில் கடின மரப் பட்டை அல்லது இரப்பர்ப் பட்டை வைக்கப்படுகின்றது. வண்டியில் எங்கு பற்றவைப்பதானாலும் அதற்கு முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். இல்லையேல் வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழுதாகலாம்.

சுவர்களும் கூரையும்

தரைத்தளம் முடிந்த பின் செங்குத்துச் சட்டங்கள் நிறுத்தப்பட்டு, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக உள்ளனவா எனச் சரிபார்க்கப்படுகின்றது. சுவர்த்தகடுகள் சட்டத்தின் உட்புறமாகவே பொருத்தப்படுகின்றன. உட்புறம் வழவழப்பாக இருந்தால்தான் சில்லு தடையின்றி வழுக்கி வெளியேறும். பெட்டி பின்புறம் சற்றே அகலமாக இருந்தால் சில்லு இறுகிக்கொள்வது மேலும் குறையும்.

காற்றோட்டம்

சிப்பர் சில்லை மட்டும் அனுப்புவதில்லை. அதனுடன் பெருமளவு காற்றையும் தள்ளுகின்றது. அக்காற்று வெளியேற வழியில்லையெனில், பெட்டியின் முன்பகுதி நிறையாமலே தூசியும் சில்லும் பின்புறத் திறப்பின் வழியாகத் திரும்பிப் பணியாளர் மீது வீசும். இதைத் தவிர்க்க முன்சுவரின் மேற்பகுதியிலோ பக்கச் சுவர்களின் முன்மேல் மூலைகளிலோ துளையிட்ட தகட்டால் ஆன காற்றுவழிகள் அமைக்கப்படுகின்றன. துளைகள் சில்லைவிடச் சிறியனவாக இருத்தல் வேண்டும்.

தூக்கும் அமைப்பு

பெட்டியைத் தூக்க ஹைட்ராலிக் உருளைகள் பயன்படுகின்றன. பம்பு, லாரியின் இயந்திரத்திலிருந்து பெறும் சுழற்சியாலோ 12 வோல்ட் மின்னோடியாலோ இயங்கும். சில்லு முழுவதும் வழிந்து விழ ஏறத்தாழ 45 முதல் 50 பாகை வரை சாய்வு தேவைப்படுகின்றது.

தேவையான விசையைத் திருப்புத்திறன் விதியால் கணக்கிடலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பெட்டி 1,200 கிலோகிராம், சில்லு 4,850 கிலோகிராம் எனக் கொண்டால், தூக்க வேண்டிய எடை ஏறத்தாழ 59 கிலோநியூட்டன். பின்கீலிலிருந்து ஈர்ப்பு மையம் 1.7 மீ தொலைவிலும், உருளையின் விசைக்கோடு 1.2 மீ செங்குத்துத் தொலைவிலும் இருப்பின்,

விசை = 59 × 1.7 ÷ 1.2 = ஏறத்தாழ 84 கிலோநியூட்டன்

எண்ணெய் அழுத்தம் 14 மெகாபாஸ்கல் எனில் உந்துதண்டின் பரப்பளவு குறைந்தது 60 சதுர சென்டிமீட்டர், அதாவது விட்டம் ஏறத்தாழ 8.8 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். உராய்வு, ஒருபுறம் ஒதுங்கிய சுமை ஆகியவற்றைக் கருதி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையைத் தெரிவு செய்யலாம். பெட்டி கிடைநிலையிலிருந்து எழும்பத் தொடங்கும் கணத்திலேயே வழக்கமாக மிகுதியான விசை தேவைப்படுகின்றது. ஆகவே கணக்கீடு அந்நிலைக்கே செய்யப்பட வேண்டும்.

பாதுகாப்பு

தூக்கிய பெட்டியின் கீழ் பணி செய்தல்

ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் தூக்கிய பெட்டி நொடிகளில் கீழே விழும். ஆகவே பழுதுபார்க்கும்போது பெட்டியை எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி நிறுத்துதல் கூடாது. அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கான பணிப் பாதுகாப்பு விதிகள், கொட்டும் பெட்டியுள்ள லாரிகளில் பெட்டியைத் தாங்கிப் பூட்டி நிறுத்தக்கூடிய நிலையான தாங்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. தாமே கட்டுவோரும் இத்தாங்கியை முதலிலேயே திட்டமிட்டுச் சேர்த்தல் வேண்டும். பழுதுபார்க்கும்போது பெட்டி வெறுமையாக இருத்தல் வேண்டும்.

மின்கம்பிகள்

சில்லைக் கொட்டும்போது பெட்டியின் முன்முனை பல மீட்டர் உயரம் எழும்புகின்றது. அது மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டால் லாரி முழுவதும் மின்னேற்றம் பெறும். தரையில் நின்றபடி லாரியைத் தொடுபவர் உயிரிழக்க நேரிடும். அமெரிக்க விதிகளின்படி 50 கிலோவோல்ட் வரையுள்ள கம்பிகளிலிருந்து குறைந்தது 10 அடி (ஏறத்தாழ 3 மீட்டர்) இடைவெளி தேவை. கம்பி பட்டுவிட்டால் ஓட்டுநர் உள்ளேயே இருந்து, மின்சாரம் துண்டிக்கப்படும் வரை காத்திருப்பதே பாதுகாப்பானது. தீப்பற்றினால் மட்டும், லாரியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதவாறு இரு கால்களையும் சேர்த்துக் குதித்து விலக வேண்டும்.

கவிழ்தல்

பக்கவாட்டில் சரிந்த நிலத்தில் பெட்டியைத் தூக்கும்போது ஈர்ப்பு மையம் உயர்ந்து லாரி கவிழக்கூடும். ஈரச் சில்லு ஒருபுறம் ஒட்டிக்கொண்டு மறுபுறம் மட்டும் விழுந்தால் ஆபத்து மேலும் அதிகம். ஒட்டிய சில்லை உதிர்ப்பதற்காகத் தூக்கிய பெட்டியுடன் லாரியை முன்னும் பின்னும் குலுக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

பெட்டிக்குள் ஆட்கள்

சிப்பர் இயங்கும்போது பெட்டிக்குள் எவரும் இருத்தல் கூடாது. குழாயிலிருந்து வரும் சில்லுகளுடன் ஆணி, கல், உடைந்த கத்தித் துண்டு ஆகியவையும் பாய்ந்து வரலாம்.

தீ

2007 முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட டீசல் லாரிகளில் புகைத்துகள் வடிகட்டிகள் பரவலாயின. வடிகட்டி தன்னைத்தானே எரித்துத் தூய்மையாக்கும்போது புகைக்குழாய் கடுமையாகச் சூடாகின்றது. அதன் மீது காய்ந்த இலைகளும் தூசியும் படிந்தால் தீப்பற்றக்கூடும். எனவே புகைக்குழாய்க்கும் பெட்டியின் அடிப்பகுதிக்கும் இடையில் வெப்பத் தடுப்புத் தகடு தேவை.

செந்தரங்களும் சட்டங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் மரப் பராமரிப்புப் பணிக்கான பாதுகாப்புச் செந்தரம் இசட்133 எனப்படுகின்றது. 1960களின் இறுதியில் மரம் கத்தரிக்கும்போது உயிரிழந்த இளைஞர் ஒருவரின் தாய், இத்தொழிலுக்குப் பாதுகாப்பு விதிகள் தேவை என முன்வைத்த வேண்டுகோளே இதற்குத் தூண்டுதலாயிற்று. இதன் முதற்பதிப்பு 1972 இல் வெளியானது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளது.

அந்நாட்டில் தனி வண்டியின் அதிகபட்ச மொத்த எடை 26,000 இறாத்தலைத் தாண்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் தேவை. இதனாலேயே மரவேலை லாரிகள் பல சரியாக இவ்வெல்லையில் நிற்குமாறு தெரிவு செய்யப்படுகின்றன. இத்தகைய லாரி இழுக்கும் சிப்பரின் அதிகபட்ச மொத்த எடை 10,000 இறாத்தலுக்கு (4,536 கிலோகிராம்) மேற்படாதவரை அவ்வுரிமம் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் 102 அங்குலத்தை (ஏறத்தாழ 2.6 மீட்டர்) மீறக்கூடாது.

ஐக்கிய இராச்சியத்தில் நிலைமை வேறானது. 1997 சனவரி 1 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் கூடுதல் தகுதி பெறாமல் பொதுவாக 3,500 கிலோகிராம் வரையுள்ள வண்டிகளையே ஓட்ட முடியும். ஆகவே அங்கு சிறு டிப்பர் வண்டிகள் பரவலாக உள்ளன. இத்தகைய வண்டியில் ஏற்றக்கூடிய சுமை 1,000 கிலோகிராம் எனில், ஈரச் சில்லு மூன்று கன மீட்டர் நிறைவதற்கு முன்பே எல்லை எட்டப்பட்டுவிடும். பெட்டியில் இடம் மிஞ்சியிருப்பதால் ஓட்டுநர் இதை உணராமல் போவதுண்டு.

பராமரிப்பு

ஈரச் சில்லிலுள்ள கரிம அமிலங்கள், குறிப்பாக ஓக் மரத்தின் தானின்கள், எஃகை அரிக்கின்றன. மேலும் குவித்து வைத்த சில்லில் நுண்ணுயிர்கள் பெருகி வெப்பம் உண்டாகும். குவியலின் உட்பகுதி 60 பாகை செல்சியசைக்கூடத் தாண்டலாம். குளிர்நாடுகளில் இதற்கு மாறாக, இரவில் சில்லு உறைந்து தகட்டுடன் ஒட்டிக்கொள்ளும். இக்காரணங்களால் பெட்டியை நாள்தோறும் வெறுமையாக்குவது நல்லது. மூலைகளில் தங்கும் சில்லை அகற்றுதல், கீல்களுக்கு மசகிடுதல், ஹைட்ராலிக் குழாய்களில் கசிவு உள்ளதா எனப் பார்த்தல், பற்றவைப்புகளில் விரிசல் தேடுதல், உரிந்த வண்ணத்தை உடனே பூசுதல் ஆகியவை வழக்கமான பணிகள்.

சில்லுகளின் பயன்

கொட்டப்படும் சில்லு தோட்டங்களில் மூடாக்காகவும், கம்போஸ்ட் உரத்துக்கான மூலப்பொருளாகவும், கொதிகலன்களில் எரிபொருளாகவும் பயன்படுகின்றது. மூடாக்கு மண்ணின் ஈரத்தைக் காத்து, களைகளைக் கட்டுப்படுத்துகின்றது.

சில்லுடன் பூச்சிகளும் இடம்பெயரக்கூடும். ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு, 2002 இல் மிச்சிகனின் டிட்ராயிட் நகருக்கு அருகில் கண்டறியப்பட்டது. பின்னர் அது கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து ஆஷ் மரத்தை வெளியே கொண்டு செல்வது தடை செய்யப்பட்டது. இரு பரிமாணங்களில் ஒரு அங்குலத்துக்கு மேற்படாத சில்லுகளில் புழுக்கள் பிழைப்பது அரிது என்பதால் அளவு முக்கியமானதாகக் கருதப்பட்டது. நடுவண் அரசின் தனிமைப்படுத்தல் விதி 2021 சனவரியில் நீக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* டிப்பர் லாரி
* சங்கிலி வாள்
* மூடாக்கு
* பாஸ்கலின் விதி
* திருப்புத்திறன்